கணக்கில் ஏறாத சூடு

எங்கள் ஊரில் கொசுக்காய்ச்சல் சுகாதார அலுவலகத்தின் கணக்கில் சரியாக ஏறினால் ஒழிய உடம்பிலிருந்து இறங்காது. மாத்திரை சாப்பிடலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம், ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போடலாம். அதெல்லாம் அவரவர் மனத்திருப்திக்கு. நோய்க் கண்காணிப்புப் பிரிவின் கம்ப்யூட்டரில் பெயர், வயது, வீடு, கொசு கடித்த இடம், அந்தக் கொசு எதில் வளர்ந்தது என்ற ஐந்து கட்டங்களும் நிரம்பி, சேமி என்ற பொத்தான் அழுத்தப்பட்டதும், காய்ச்சல்காரர் எங்கே படுத்திருந்தாலும் குப்பென்று வியர்த்து எழுந்து உட்கார்ந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பார். இது முதலில் தெரியவந்தது, பழைய குமாஸ்தா ஒருவர் பல்வலி என்று நீண்ட விடுப்பில் போன வருஷத்தில். அவர் திரும்பி வந்து தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அடித்து முடித்தபோது, காய்ச்சல் வார்டில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து செருப்பைத் தேடினார்கள். மருத்துவ அதிகாரி இதை விவரமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதிவுகளைத் தாமதமின்றிச் செய்யவும் என்று மேலிடம் பதில் போட்டது. அதற்குமேல் இதில் ஆராய என்ன இருக்கிறது என்று ஊரும் விட்டுவிட்டது.

சரியாக ஏற வேண்டும் என்பதில்தான் வில்லங்கம். கடித்த இடத்தை மாற்றிச் சொன்னால் காய்ச்சல் அசையாது. ஒரு பொறியாளர் பாலம் கட்டும் இடத்தில் கடித்தது என்றார். பதிந்தார்கள், இறங்கவில்லை. மனிதர் பாலத்துப் பக்கமே போகாமல் வேலை நேரத்தில் வீட்டுக் கட்டிலில் கிடந்தார் என்று மாற்றிப் பதிந்த பிறகுதான் வியர்த்தது. பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர், வெளியூர் போயிருந்த குடும்பத்தின் பூட்டிய வீட்டுச் சமையலறையில் கடித்தது என்று மென்று விழுங்கிச் சொல்லிக் குணமானார். குணமான கையோடு போலீஸ் நிலையத்துக்கும் போனார். மனைவி பக்கத்தில் நிற்கக் கடித்த இடத்தைச் சொல்ல முடியாமல் கண்ணாலேயே கெஞ்சியவர்கள் கதை தனி. ஐந்தாவது கட்டத்தில் மட்டும் ஒரு சலுகை இருந்தது. கொசு எதில் வளர்ந்தது என்று நிஜமாகவே தெரியாதபோது தெரியவில்லை என்று போட்டால் காய்ச்சல் அதை ஏற்றுக்கொண்டது. தெரிந்துகொண்டே தெரியவில்லை என்று போட்டால் ஏற்காது. மொத்தத்தில் காய்ச்சல் பருவம் வந்தால் பலருடைய மானம் கப்பலேறும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் கொசுவுக்குப் பயந்ததைவிட அந்தக் கட்டங்களுக்குப் பயந்ததுதான் அதிகம்.

கட்டங்களை நிரப்பும் வேலை பல வருஷங்களாக டார்ச் மேடம் கையில் இருந்தது. அலுவலகத்தில் அவளுக்கு வேறு பதவிப் பெயர் உண்டு, அதை யாரும் சொன்னதில்லை. பட்டப்பகலிலும் கையில் டார்ச் விளக்கோடு வீடு வீடாக வருவாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, படிக்கட்டுக்குக் கீழே போட்ட டயர், குழந்தை மறந்துபோன விளையாட்டு வாளி என்று வீட்டுக்காரர்களே பார்த்திராத மூலைகளில் வெளிச்சம் அடிப்பாள். தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தால் போச்சு. அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைங்க நல்லா நீந்துதுங்க" என்று அந்த வீட்டு அம்மாளிடம் சொல்வாள். பிறகு கதவில் சிவப்புத் தாளை ஒட்டுவாள். இரண்டு முறை திரும்ப வந்து பார்த்து, சுத்தம் என்று அவளே சொல்லும்வரை அதைக் கிழிக்கக் கூடாது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவள் வந்த பிறகு ஊரில் காய்ச்சல் குறைந்தது. ஊர் அவளை மதித்தது. அவளைப் பார்த்தால் காய்ந்த வாளியையும் இன்னொரு தடவை கவிழ்த்து வைத்தது. பிறர் வெட்கப்பட்டுச் சொன்னதையெல்லாம் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டுப் பதிந்துவந்தாள். வெட்கம் என்பது சுத்தமாக இல்லாதவர்களுக்கு வரும் வியாதி என்று அவள் நினைத்திருந்தாள்.

வீடு வீடாகப் பார்ப்பது போக அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊரில் பல கட்டடங்களில் முட்டைப் பொறி வைப்பது. பொறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கறுப்பு டப்பா. அதில் பாதி தண்ணீர், தண்ணீரில் செருகிய சொரசொரப்பான ஒரு பலகைத் துண்டு. கறுப்பும் நிழலும் தேங்கிய தண்ணீரும் கண்டால் கொசுவுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தது போல. பலகையில் முட்டையிட்டுப் போகும். வாரம் ஒரு முறை போய்ப் பலகையை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து முட்டையை எண்ணி, தண்ணீரைக் கொட்டி, டப்பாவைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்தத் தெருவில் முட்டை கூடுகிறதோ அங்கே காய்ச்சல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணப் போகிற ஆள் போகாமல் விட்டால், அந்த டப்பாவைப் போல வசதியான கொசுப்பண்ணை உலகத்தில் கிடையாது.

டார்ச் மேடத்துக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் தன் தெருவுக்கான பொறியைத் தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள். டப்பாவின் மேல் அலுவலக முத்திரை, அதற்குக் கீழே தயவுசெய்து தொடாதீர்கள் என்று அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. முதல் மாடியில் அவளும் அவள் கணவரும். கணவருக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. கீழ்வீட்டில் கணவரின் தங்கை, அதாவது டார்ச் மேடத்தின் நாத்தனார், முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். அந்தத் தெருவில் பெண்களின் உடுப்புகள் எல்லாம் அவள் கத்தரிக்கோலுக்குக் கீழே போய் வந்தவைதான். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிடுவாள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிப் போகும். காயப்போடுவது மொட்டை மாடியில். அண்ணியும் நாத்தனாரும் கொஞ்சிக் குலாவியதில்லை, கட்டிப் புரண்டதுமில்லை. வைத்ததைக் கொடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நாத்தனாரின் கடை ஜன்னலில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. அழகுக்காக ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடி வளர்த்திருந்தாள். வேருக்கு நடுவே நெளிந்தது. கடையில் அளவு கொடுக்கக் கைகளை விரித்தபடி ஒரு பெண், காத்துக்கொண்டு இன்னும் சிலர். உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் முடிந்துபோகிற விஷயம். டார்ச் மேடம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "என் நாத்தனார் கடைல ஒரு வசதி. துணியோட காய்ச்சலையும் சேத்து தச்சுக் குடுத்துருவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். விரித்த கையை மடக்காமல் அந்தப் பெண்ணும் சிரித்தாள். நாத்தனாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கதவில் சிவப்புத் தாள் ஒட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கணவர் சாப்பிடும்போது கேட்டார். அவர் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை.

"சொந்தம்னு பாத்தா நான் வேலை பாக்க முடியாது" என்றாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொந்த நாத்தனாரையே விடவில்லை பார் என்று ஊர் பேசும், பேசியது.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி கைப்பைக்குள் எதையோ தேடுவாள். மொட்டை மாடியில் நாத்தனார் எப்போது துணி காயப்போட வருவாள், எப்போது எடுக்க வருவாள் என்று சொல்ல முடியாது. அவள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று டார்ச் மேடம் ஒரு வாரம் மாடி ஏறவில்லை. அந்தப் பொறியில் எப்போதும் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை என்பதால், உட்கார்ந்த இடத்திலிருந்தே முட்டை இல்லை என்று பதிந்தாள். மறுவாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் பதிவதற்காக யோசிக்கக்கூட இல்லை, விரல் தானாகப் போட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருந்தது. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மறந்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களைப் பற்றி அவள் கணவர் அடிக்கடி சிரித்துச் சொல்வார். அந்த டப்பாவை அவள் அப்படித்தான் மறந்தாள்.

மழை விட்டதும் அந்தத் தெருவில் காய்ச்சல் ஆரம்பித்தது. முதலில் எதிர்வீட்டு ஓட்டுநர், பிறகு மருந்துக்கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள், பிறகு ஒரு வீடு விட்டு ஒரு வீடு. அவரவர் வீட்டிலேயே கடித்திருந்தது. எதில் வளர்ந்தது என்பதற்குத் தெரியவில்லை என்று போட்டாள். அவளுக்கு அப்போது நிஜமாகவே தெரியாது. எல்லாருக்கும் வியர்த்தது, எல்லாரும் எழுந்து சாப்பிடக் கேட்டார்கள். ஆனால் அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தில் ஊரிலேயே அதிகச் சிவப்பு அவள் தெருவில் குவிந்தது. மருத்துவ அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "உங்க தெருவுலயேவா?" என்றார். "சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க சார்" என்றாள். மறுநாள் தெருவை ஒரு புரட்டுப் புரட்டினாள். உலர்ந்த தொட்டிகளைத் தட்டிப் பார்த்தாள், மூடிய டிரம்களைத் திறந்து பார்த்தாள், சும்மா நின்றவர்களைக்கூட ஒரு வாங்கு வாங்கினாள். எந்த வீட்டிலும் ஒரு புழு அகப்படவில்லை. எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது.

கடைசியாக நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்கு வந்ததைப் போலச் சாதாரணக் காய்ச்சல் இல்லை. நெற்றியில் போட்ட ஈரத்துணி அப்பளமாகக் காய்ந்து தானே கீழே விழுந்தது. படுத்திருந்த விரிப்பு இஸ்திரி போட்டது போலச் சுருக்கம் இல்லாமல் கிடந்தது. கணவர் வந்து கீழே போய் விசாரி என்றார். போய்த்தான் ஆக வேண்டும், வேலை. டார்ச் மேடம் கட்டிலுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நெடுநாள் கழித்து இருவரும் பேசினார்கள்.

"பதினஞ்சு நாளா எங்கெங்க போன?"

"எங்க போறேன் அண்ணி. துணி மார்க்கெட்டுக்கு ஒரு தடவை, நூல் வாங்க. மத்தபடி மொட்டை மாடிதான். அங்கதான் கடிச்சுப் பிடுங்குது. தொட்டிப் பக்கம் போனாலே மொய்ச்சுக்குது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. சரி, படுத்துக்கோ என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். தொட்டிக்குப் பின்னால் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. மழைத் தண்ணீரில் கழுத்து வரை நிறைந்திருந்தது. உள்ளே தண்ணீர் என்று தனியாக ஒன்றைப் பார்க்க முடியவில்லை, எல்லாம் நெளிந்தது. மேலே கழற்றிப் போட்ட சட்டைகளாகக் காலித் தோல்கள் மிதந்தன. விளிம்பில் புதிதாகப் பிறந்தவை, காலில் வெள்ளை வளையங்களோடு, சிறகு காய்வதற்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தன. அவள் வந்ததற்காக அவை அவசரப்படவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ வாசல்களில் வெள்ளைக் கிண்ணத்தோடு நின்ற அவளுக்கு, அந்தப் பெண்கள் ஏன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது அப்போது விளங்கியது. காதுமடல் இரண்டும் சுட்டன. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. டப்பாவைக் கவிழ்த்துக் காலால் மிதித்து நசுக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய், வேறு தெருக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். தண்ணீர் தளத்தில் பரவி, நெளிந்ததெல்லாம் வெயிலில் காய்ந்து அடங்கியது.

அலுவலகத்தில் உட்கார்ந்து துணி மார்க்கெட், தெரியவில்லை என்று பதிந்தாள். கணவரிடமிருந்து அழைப்பு வரும் என்று போனை மேசைமேல் வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. மறுநாள் கடித்த இடத்தை மொட்டை மாடி என்று மாற்றினாள்; எதில் வளர்ந்தது என்பதில் தெரியவில்லை என்பதையே விட்டாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, ஏமாந்துபோனது போல நின்று, மறுபடி ஏறியது. வேறு யாராவது பதிந்தால் நடக்குமோ என்றும் யோசித்தாள். நடக்காது. விசாரித்தவருக்குத் தெரிந்தது பதிவில் இல்லாவிட்டால் கணக்கு கணக்காகாது, இது அலுவலகத்தில் எல்லாருக்கும் அடிபட்டுத் தெரிந்தது. உண்மையை எழுத வேண்டும். எழுதினால் வாரக் கூட்டத்தில் திரையில் வரும், வாசல் பலகையில் ஒட்டுவார்கள். ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால் எப்படி இருக்கும் என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது, சிரிக்கவைத்தவளே அவள்தான்.

மூன்றாம் நாள் அவள் செய்ததை எழுதக் கையே கூசுகிறது. நாத்தனார் லைனிங் ஊறப்போடும் தொட்டி கீழ்வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்தது. அதில் எப்போதும் தண்ணீர் இருக்கும். அதிலும் கொசு வளர்ந்திருக்கலாம் இல்லையா, வளராது என்று யார் சொல்ல முடியும் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு, ஐந்தாவது கட்டத்தில் தையல்காரியின் துணித் தொட்டி என்று போட்டு அழுத்தினாள். முறைப்படி அன்று சாயங்காலமே ஊழியர்கள் வந்து தொட்டியைக் கவிழ்த்துத் தூக்கிப் போனார்கள். முன்பு ஒட்டிய தாளைக் கிழித்த சுவடு போகாத அதே கதவில் மறுபடியும் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். தெருவில் காய்ச்சல் கண்டு எழுந்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

நாத்தனார் போர்வையைச் சுற்றிக்கொண்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பிடித்த இடத்தில் வாசல் நிலையின் பெயிண்ட் கொப்புளித்தது. "என் தொட்டிதாங்க. நான்தான் தெருவுக்கே காய்ச்சல் குடுத்திருக்கேன். தெரியாமப் போச்சு. மன்னிச்சிருங்க" என்று ஒவ்வொரு வீட்டைப் பார்த்தும் கும்பிட்டாள். மருந்துக்கடைக்காரரின் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு தடவை கும்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, முதல் மாடிப் படியில் நின்ற டார்ச் மேடத்தைப் பார்த்து, "அன்னிக்கே சொன்னீங்க அண்ணி. எனக்குத்தான் உறைக்கல" என்றாள். டார்ச் மேடம் அங்கே அந்த நிமிஷம் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் நடந்த எத்தனையோ வெட்கக்கேடுகளை இதில் எழுதியாயிற்று. பூட்டுக்காரருடையதும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

காய்ச்சல் முன்னைவிட ஏறியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே வருகிறது, நாளைக்குள் சூடு தணியாவிட்டால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். கணவர் கடையைப் பூட்டிவிட்டுத் தங்கையின் கட்டிலருகே நின்றார். மனைவியிடம், "கணக்குல எங்கயோ பிசகு இருக்கு. நீ தப்பா எழுத மாட்ட. உங்கிட்ட யாரோ தப்பா சொல்லிருக்காங்க. யாருன்னு கொஞ்சம் பாரேன்" என்றார். குற்றம் சாட்டியிருந்தால்கூட அவள் வாயாடிச் சமாளித்திருப்பாள்.

மறுநாள் பகலில் வாரக் கூட்டம். ஊரின் எல்லா வட்டாரத்திலிருந்தும் ஊழியர்கள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் வந்துகொண்டிருந்தது. தெரு வாரியாகக் கணக்கைத் திரையில் காட்டி விளக்க வேண்டியது டார்ச் மேடம்தான். அவள் மற்றத் தெருக்களை விட்டுவிட்டு நேராகத் தன் தெருவுக்குப் போனாள், நாத்தனாரின் பதிவைத் திறந்தாள். துணித் தொட்டி என்பதை அழித்தாள். எல்லாரும் பார்க்க அந்தக் கட்டம் காலியாக மினுக்கியது. கட்டத்தைத் தொட்டால் டிரம், டயர், பூந்தொட்டி, மேல்நிலைத் தொட்டி என்று ஒரு பட்டியல் இறங்கும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அலுவலகம் வைத்த பொறி என்று அந்தப் பட்டியலில் இல்லை. யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து அவளே அடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் பெரிய திரையில் விழ விழ அறையே வாய்க்குள் படித்தது. மொட்டை மாடியில் நம் அலுவலகத்தின் முட்டைப் பொறி. வைத்தது நான். பல வாரம் பார்க்காமல் முட்டை இல்லை என்று எழுதியது நான். டப்பாவை நசுக்கி எறிந்தது நான். நாத்தனாரின் தொட்டி மேல் பழி போட்டதும் நான். கட்டத்தில் இடம் போதாமல் கடைசி வரி வெளியே வழிந்தது. மருத்துவ அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

போன் வந்தது. "இறங்கிருச்சு" என்றார் கணவர். கொஞ்சம் பொறுத்து, "ரொட்டி வேணுமாம்" என்றார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, கணவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். உட்காரவில்லை. கணவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாத்தனார் ரொட்டியைப் பிய்த்தபடி நெடுநேரம் மென்றாள்.

"அந்த டப்பாவ நானும் பாத்தேன் அண்ணி. நெளிஞ்சுது. கொட்டிரலாம்னுதான் கைய நீட்டினேன். தொடாதீங்கன்னு எழுதியிருந்துச்சு. உங்க எழுத்து. நீங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த நிமிஷத்தில்தான் சூடு டார்ச் மேடத்துக்கு வந்தது என்று கணவர் பிற்பாடு சொல்வார். உள்ளங்காலில் தொடங்கிக் காது வரை ஏறியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டாள். தெர்மாமீட்டர் வைத்தார்கள், நாத்தனாருக்கு எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில் நின்றது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி ஒன்றும் இல்லை. உடம்பு வலி இல்லை, தளர்ச்சி இல்லை, சூடு மட்டும். அலுவலகத்தில் இதைப் பதியப் பார்த்தார்கள். என்ன நோய் என்று கம்ப்யூட்டர் கேட்டது. என்ன போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கொசு கடிக்கவில்லை என்றால் இந்தப் பிரிவில் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அவள் கண்காணிப்புப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டு, அலுவலகத்தின் பின்கட்டில் தடுப்பூசிப் பெட்டிகளுக்குப் பொறுப்பாகப் போனாள். சூடு காரணமாகக் குளிரறைக்குள் விட முடியாமல் அங்கிருந்தும் வாசல் மேசைக்கு மாற்றினார்கள். டார்ச்சை அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாத்தனாரின் கதவிலிருந்த தாளைச் சுவடு தெரியாமல் சுரண்டி எடுத்தாள். தன் வீட்டுக் கதவில் தானே ஒரு சிவப்புத் தாள் ஒட்டினாள். வந்து பார்த்துச் சுத்தம் என்று சொல்ல வேண்டிய புது மேடத்துக்கு அந்தப் படி ஏறக் கூச்சமாக இருந்ததால் அது பல வருஷம் அங்கேயே இருந்து வெளுத்தது. தெருப் பெண்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்: "மேடம் பிள்ளைங்க நல்லா நீந்துச்சுங்களா?" டார்ச் மேடம், "நல்லா நீந்துச்சுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முழுச் சிரிப்பும் முடியும்வரை அவள் வாசலிலேயே நின்றாள், உள்ளே போகவில்லை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

சூடு போகவில்லை. அவள் கையில் வைத்த பால் ஆறவில்லை, அவள் உட்கார்ந்த நாற்காலியில் பூனைகள் இடம் பிடித்தன. குளிர்காலத்தில் கணவர் கடை மூடி வந்ததும் அவளிடமிருந்து ஒரு கை தள்ளி உட்கார்ந்துகொள்வார். அவர் பேச ஆரம்பிக்க ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. பேச ஆரம்பித்த பிறகும் முன்போல நீ தப்பா எழுத மாட்ட என்று சொன்னதில்லை. நாத்தனார் அலுவலகம் வாங்கிக்கொடுத்த புதுத் தொட்டியில் லைனிங் ஊறப்போட்டாள். படியில் எதிர்ப்பட்டால் இப்போது சுவரைப் பார்ப்பது டார்ச் மேடம் மட்டும்தான்.

பிறகு ஒரு வருஷம் மழை நிற்கவே இல்லை. தெருவில் எந்த வீட்டிலும் துணி காயவில்லை. நாத்தனாரிடம் தைக்க வந்த துணிகள் குவிந்து கிடந்தன, ஊறப்போட்ட லைனிங் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் மாடிக்கு ஏறி வந்தாள். அந்தப் பாட்டில் விவகாரத்துக்குப் பிறகு அவள் அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. டார்ச் மேடம் எழுந்து நிற்கப் போனாள். நாத்தனார் உட்காருங்க என்று அழுத்திவிட்டு, துணியை அவள் இரண்டு தோளும் மூடும்படி விரித்துப் போட்டாள். ஆவி கிளம்பியது. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பித்தான் தைப்பதற்குக் கொண்டுவந்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டாள். இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

அது வழக்கமாகிவிட்டது. அண்ணி தோளில் காய்ந்த லைனிங் சுருங்காது என்று நாத்தனார் வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். சிலர் அதையே கேட்டு வாங்கினார்கள். மழைக்காலத்தில் அந்த வழியாகப் போகும் நாங்கள் முதல் மாடி ஜன்னலில் ஆவி போவதைப் பார்த்து, தையல்காரி துணி உலர்த்துகிறாள் என்று சொல்லிக்கொண்டு போவோம். ஒரு துணி காய்ந்ததும் நாத்தனார் அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு புறங்கையை அண்ணியின் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள்.

"குறைஞ்சிருக்கா அண்ணி?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் அடுத்த ஈரத் துணியை உதறி விரிப்பாள்.